டபுள் பதினாறில் நின்ற அம்பு

என் பிலோ அக்காவுக்கு,

முழு அன்போடும் பாதிக் கோபத்தோடும் எழுதுகிறேன். கோபம் யார் மேல் என்று போகப் போகத் தெரியும். உன் மேலும் கொஞ்சம் இருக்கிறது. அதை மனதில் வைத்துக்கொண்டு எத்தனை வருஷம்தான் உன் கல்லறைக்குப் பூ வாங்கிக்கொண்டு வருவது? இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

இந்தக் கல்லறைத் திருநாளன்று சாமந்தியும் மெழுகுவர்த்தியுமாக உன்னிடம் வந்தபோது, எனக்கு முன்னாலேயே ஒரு மலர் வளையம் வந்து படுத்திருந்தது. கார் டயர் அளவு இருக்கும். குறுக்கே ஒரு ரிப்பன், அதில் தங்க எழுத்தில் அந்த கிளப்பின் பேர். ஆமாம், அதே கிளப்தான். சிலுவையில் எழுதியிருக்கும் உன் பேர் தெரியாதபடி சாத்தி வைத்திருந்தார்கள். கல்லறைத் தோட்டத்துக் காவல்காரர், "பெரிய எடத்துல இருந்து கார்ல வந்து வெச்சுப்போட்டுப் போனாங்க, அம்மணி. உங்க அக்காளுக்கு எவ்வளவு மருவாதை பாருங்க" என்றார். மரியாதை! வளையத்தைத் தூக்கி ஓரமாகச் சாய்த்துவிட்டு என் சாமந்தியை வைத்தேன்.

விஷயம் என்ன என்று உனக்குத் தெரியாதே. வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்த கிளப்பில் டார்ட்ஸ் போட்டி. அதுவும் உன் பேரில். 'பிலோமினா நினைவுச் சுழற்கோப்பை' என்று அவினாசி ரோட்டில் துணி பேனர் கட்டியிருக்கிறார்கள். பஸ்ஸில் போகும்போது பார்த்தேன். உன் பேரை அவ்வளவு பெரிதாகப் பார்த்ததும் ஒரு நொடி சந்தோஷம்தான் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். அப்புறம்தான் கீழே இருந்த பேரைப் படித்தேன். கோப்பையைத் தருகிறவர் கிளப் தலைவர் சுந்தரமூர்த்தி ஐயா. பக்கத்து சீட்டில் இருந்த யாரோ ஒரு அம்மா, "ஏம்மா, உடம்பு சரியில்லீங்களா?" என்று என்னிடம் கேட்கும்படி ஆகிவிட்டது.

போட்டிக்கு ஒரு விழா மலர் போடுகிறார்களாம். அதில் உன்னைப் பற்றி நல்லபடியாக நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். எழுத உட்கார்ந்தேன். வந்தது இதுதான். இதை அவர்கள் அச்சடிக்க மாட்டார்கள். அதனால் வேறு இடத்தில் கொடுக்கிறேன். உனக்கு எழுதியதை ஊரும் படிக்கட்டும்.

படிக்கிறவர்களுக்கு உன்னைத் தெரியாது. அவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை சொல்கிறேன், நீ பொறுத்துக்கொள். அப்பா ரயில்வேயில் ஃபிட்டர். நமக்குப் போத்தனூர் குவார்ட்டர்ஸ். ஞாயிற்றுக்கிழமையானால் ரயில்வே இன்ஸ்டிடியூட்டில், கூப்பிடுகிற எண்ணைச் சீட்டில் அடித்துக்கொண்டே வருகிற தம்போலா ஆட்டம். அங்கே ஒரு மூலையில், ஊரைக் காலி செய்துகொண்டு போன ஆங்கிலோ-இந்திய டிரைவர்கள் விட்டுவிட்டுப் போன டார்ட்ஸ் போர்டு, சின்ன அம்பு எறிகிற வட்டப் பலகை, தொங்கும். தம்போலாவில் உனக்கு எண்ணே வராது, பொறுமையும் கிடையாது. எரிச்சலில் சீட்டைக் கசக்கிப் போட்டுவிட்டு எழுந்துபோய் அந்த போர்டில் எறிய ஆரம்பித்தவள் நீ. அதற்குப் பிறகு உன்னைத் தம்போலாவுக்குக் கூப்பிட்டு உட்கார வைக்க யாராலும் முடியவில்லை.

பிறகு பம்ப்செட் கம்பெனியில் மோட்டாருக்குக் காயில் சுற்றுகிற வேலை. நாளெல்லாம் செம்புக் கம்பியைச் சுற்றிவிட்டு, கை வலிக்குது, கை வலிக்குது என்று புலம்பிக்கொண்டே வந்து அம்பை எடுப்பாய். நாம் அதை டார்ட் என்று சொன்னதே இல்லை, அம்புதான். "வலிக்குதுன்னா சும்மா கெடக்கறதுதானே?" என்று கேட்டேன் ஒரு நாள். "போடி. காலையில இருந்து சுத்திச் சுத்தியே பொழப்புப் போகுது. இது ஒண்ணுதான் நேராப் போகுது" என்றாய்.

கேபிள் டி.வி. வந்த புதிதில்தான் அந்த அறிவிப்பு வந்தது. கோயமுத்தூரில் முதல் முறையாக புரொபஷனல் டார்ட்ஸ் டோர்னமென்ட். ஆண், பெண் யார் வேண்டுமானாலும் ஆடலாம் என்று போட்டிருந்தார்கள். பெண் எவளும் வரமாட்டாள் என்ற தைரியத்தில் போட்டிருப்பார்கள். ஜெயிக்கிற ஆளை பம்பாயில் நடக்கும் அகில இந்தியப் போட்டிக்கு கிளப்பே அனுப்பும். அதைப் படித்ததிலிருந்து நீ நீயாக இல்லை. கோப்பை மேல் உனக்கு ஆசை கிடையாது. "பம்பாய்ல நல்லா எறியறவங்கெல்லாம் வருவாங்களாமா. ஒரே ஒரு தடவ அவங்களோட நின்னு எறிஞ்சு பாக்கோணும் ஸ்டெல்லா. தோத்துட்டு வந்தாலும் பரவால்ல. நான் எவ்வளவு தூரம்னு எனக்குத் தெரிஞ்சு போயிரும்ல?" என்றாய். உன் வாழ்க்கையில் நீ வேண்டும் என்று கேட்டது அது ஒன்றுதான்.

நீ ஒவ்வொரு ஆட்டமாக ஜெயித்துக்கொண்டு வர, காயில் செக்ஷன் பெண்களுக்குத் தலைகால் புரியவில்லை. ஃபைனலுக்கு முன்னாலேயே எல்லோரும் சேர்ந்து உனக்கு ஒரு சூட்கேஸ் வாங்கிவிட்டார்கள். மெரூன் கலர். "இன்னும் ஜெயிக்கவே இல்லையேடி" என்று நீ கூச்சப்பட்டாய். ஆனால் அன்று சாயங்காலமே இரண்டு புடவையை மடித்து அதில் வைத்துப் பார்த்தாய். நான் கதவோரம் நின்று பார்த்தது உனக்குத் தெரியாது.

ஃபைனலில் உன்னை எதிர்த்து ஆடியவர்தான் சுந்தரமூர்த்தி ஐயா. மில் முதலாளி, கிளப் தலைவர், நரைத்த தலை, வெள்ளைச் சட்டை, வெள்ளை பேன்ட். மரியாதை என்றால் அப்படி ஒரு மரியாதை. வீட்டு நாயைக்கூட 'வாங்க' என்றுதான் கூப்பிடுவாரோ என்னவோ. நன்றாகவும் ஆடுவார், அதை மறைப்பானேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஐநூற்றொன்றில் ஆரம்பித்து, எறிகிற எண்ணைக் கழித்துக்கொண்டே வரவேண்டும். யார் முதலில் சைபருக்கு வருகிறாரோ அவர் ஜெயித்தார். ஒவ்வொரு முறையும் மூன்று அம்பு. ஆட்டத்தை முடிக்கிற அம்பு மட்டும், எண்ணை இரட்டிப்பாக்குகிற அந்த ஒல்லி வளையத்தில் குத்தவேண்டும். அதற்குப் பேர் டபுள். இன்னொரு விதியும் உண்டு. எறிந்து முடித்ததும், போர்டுப் பக்கத்தில் நின்று கணக்கு எழுதுகிற மார்க்கர் எண்ணை உரக்கச் சொல்லுவார். சொன்ன பிறகுதான் அம்பைப் பிடுங்கவேண்டும். அதற்கு முன்னால் அம்பு போர்டை விட்டு வந்துவிட்டால் அந்த முறை மொத்தமும் கணக்கில் சேராது, அடுத்து எறிவது எதிராளி.

முதல் முறை நீ எறிந்துவிட்டு அம்பை எடுக்கப் போனாய். அவர் கையை நீட்டித் தடுத்தார். "இருங்க அம்மணி, நான் எடுத்துத் தாரேன். பொம்பளப் புள்ளைய நடக்க வெச்சுப்போட்டு நாங்க நின்னு பாக்கறதுங்களா?" போனார், எடுத்தார், இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்து கொடுத்தார். கூட்டம் கை தட்டியது. நீயும் இரண்டு கையால் வாங்கிக்கொண்டு, "ரொம்ப நன்றிங்க" என்றாய். நாளெல்லாம் நின்றுகொண்டே காயில் சுற்றுகிறவளுக்கு நாலடி நடக்க முடியாதாம்! அதற்கு இத்தனை பேர் கைதட்டலாம்!

அதற்கப்புறம் ஒவ்வொரு முறையும் அதே கூத்து. மார்க்கர் எண்ணைச் சொல்லுவார், ஐயா போய் எடுத்து வருவார், நீ நன்றி சொல்லுவாய். இடைவேளையில் உனக்கு சோடா கொண்டுவந்து கொடுத்தபோது காதைக் கடித்தேன். "நீயே போய் எடுத்துக்கக்கா. எனக்கென்னமோ புடிக்கல."

"பெரியவருடி. வேண்டாம்னா மூஞ்சில அடிச்ச மாதிரி இருக்காது? சும்மா இரு."

சும்மா இருந்தேன். கடைசி ஆட்டம் வந்தது. அதுவரை ஜெயித்த ஆட்டங்களில் இரண்டு பேரும் சமம். உனக்கு மீதி முப்பத்திரண்டு, அவருக்கு நாற்பது, எறிய வேண்டியது நீ. முப்பத்திரண்டு என்றால் டபுள் பதினாறு. நீ கண்ணை மூடிக்கொண்டு எறிகிற இடம். முதல் அம்பு கம்பிக்கு வெளியே போனது. நான் மாதாவைக் கூப்பிட்டேன். இரண்டாவது அம்பு போய்க் குத்தியது, அக்கா. டபுள் பதினாறின் நட்ட நடுவில், தைத்து வைத்த பித்தான் மாதிரி நின்றது. நான் பார்த்தேன். இந்தக் கண்ணால் பார்த்தேன்.

நீ போர்டைப் பார்க்கவில்லை. திரும்பிக் கூட்டத்தில் என்னைத் தேடினாய். என்னைக் கண்டுபிடித்துச் சிரித்தாய். அந்தச் சிரிப்பு முடிவதற்குள், "சபாஷ் அம்மணி!" என்று சத்தம் கேட்டது. ஐயா போர்டிலிருந்து இரண்டு அம்பையும் பிடுங்கிக்கொண்டு உன்னிடம் வந்துகொண்டிருந்தார். நீ அதே சிரிப்போடு திரும்பி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாய். போட்டோக்காரர் ஃபிளாஷ் அடித்தார். மார்க்கர் இன்னும் வாயே திறக்கவில்லை.

அப்புறம்தான் ஐயா மார்க்கரைப் பார்த்துக் கேட்டார். "ஏனுங்க, எண்ணு சொல்லியாச்சுங்களா?"

மார்க்கர் யார்? ஐயாவின் மில்லிலேயே டைம் ஆபீஸ் கிளார்க். தலையைக் குனிந்துகொண்டு, "இல்லீங்க" என்றார்.

"அடடா, தப்பாப் போச்சுங்களே!" என்று ஐயா நெற்றியில் கையை வைத்தார். பிறகு கமிட்டி மேஜைப் பக்கம் திரும்பி, "ரூல் என்னமோ அதுப்படி பண்ணிருங்க. எனக்காகப் பாக்க வேண்டாம்" என்றார். கேட்டாயா? எனக்காகப் பார்க்க வேண்டாமாம்! என்னமோ இவர் தோற்றுப்போய் நியாயத்துக்குத் தலைகுனிகிற மாதிரி!

"குத்துச்சுங்க! டபுள் பதினாறுல குத்துச்சு, நான் பாத்தேன்!" என்று பின்னாலிருந்து கத்தினேன். யாரோ, "உக்காரும்மா, பெரியவங்க பேசறாங்கல்ல" என்று அதட்டினார்கள். கமிட்டி மூன்று பேரும் கிளப் மெம்பர்கள். தலையோடு தலை வைத்துப் பேசினார்கள். அப்புறம் ஒருவர் உன்னிடம் வந்து ரொம்பப் பதமாகச் சொன்னார். "யார் எடுத்தாலும் எடுத்ததுதானுங்க அம்மணி. மொதல்ல இருந்தே நீங்க எடுத்துக் குடுக்க உட்டீங்க. வேண்டாம்னா அப்பவே சொல்லியிருக்கோணும். ரூல் அப்படி. என்னங்க சொல்றீங்க?"

நீ கையில் இருந்த அம்பைப் பார்த்தாய். "சரிங்க" என்றாய்.

அந்த 'சரிங்க'வைத்தான் நான் இன்னும் மன்னிக்கவில்லை, அக்கா. உன் மேல் இருக்கிற கோபம் அதுதான். குத்திய அம்பைக் கையில் வைத்துக்கொண்டு எப்படி உன்னால் சரிங்க என்று சொல்ல முடிந்தது? ஐயா எறிந்தார். டபுள் இருபது. முடிந்தது.

வீட்டுக்கு வருகிற பஸ்ஸில் கேட்டேன். "ஏன்க்கா சரின்னு சொல்லிப்போட்ட?"

"அத்தன பேருக்கு முன்னால வேற என்னடி சொல்லச் சொல்ற? அவரு வேணும்னு பண்ணியிருக்க மாட்டாரு. சந்தோசத்துல எடுத்துட்டாரு."

நம்பித்தான் சொன்னாயா? இல்லை, நம்பாவிட்டால் தூக்கம் வராது என்று சொன்னாயா? அன்று கேட்கவில்லை. இப்போது கேட்டு என்ன?

மறுநாள் பேப்பரில் அந்த போட்டோ வந்தது. அவர் இரண்டு கையால் கொடுக்கிறார், நீ இரண்டு கையால் வாங்குகிறாய். கீழே 'பெண்மைக்கு மரியாதை' என்று எழுதியிருந்தார்கள். வழிப்பறி நடக்கிற நேரத்தில் போட்டோ எடுத்து, அதற்கு மரியாதை என்று பேர் வைத்த ஊர் இது. காயில் செக்ஷன் பெண்கள் அதை வெட்டி நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்களாமே. நீ அதற்குக் கீழே நின்று ஒரு வருஷம் கம்பி சுற்றினாய்.

சரி, அவராவது பம்பாய்க்குப் போனாரா? அதுவும் இல்லை. மகளுக்கு வளைகாப்பாம், அந்த வாரம் சௌகரியப்படாதாம். கோயமுத்தூரிலிருந்து யாருமே போகவில்லை. உன்னைப் போகச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. கிளப்புக்கு நடந்துபோய்க் கேட்டிருக்கலாம். நான் கிளம்பினேன். நீதான், "கேட்டு வாங்கிப் போறதுக்கு நான் போகாமயே இருந்துக்கறேன்" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தாய். அதற்கப்புறம் நீ அம்பைத் தொடவில்லை. தகர டப்பாவில் போட்டு பீரோ மேல் வைத்துவிட்டாய்.

அந்த சூட்கேஸ் ஒரே ஒரு பயணம்தான் போனது. வயிற்றில் கட்டி என்று உன்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, உன் நைட்டியையும் துண்டையும் அதில்தான் வைத்துக்கொண்டு போனேன். வார்டு ஆயா, "புதுசா இருக்குதுங்களே" என்றாள். நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். பம்பாய்க்கு இப்போது மும்பை என்று பேர் மாற்றிவிட்டார்கள், அக்கா. நீ போகவேண்டும் என்று கேட்ட ஊர் இன்று அந்தப் பேரில்கூட இல்லை.

இப்போது போன வாரக் கதைக்கு வருகிறேன். ஐயா நம் வீட்டுக்கே வந்தார். தட்டு நிறையப் பழத்தோடு, வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, "ஏனுங்க அம்மணி, சௌக்கியமுங்களா?" என்று கும்பிட்டுக்கொண்டே வந்தார். அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டாள், காபி போட்டாள். "எம்புள்ள பேர்ல கோப்பையாமா" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அம்மாவின் அந்த முகத்தைப் பார்த்த பிறகு எனக்கு, விழாவுக்கு வரமாட்டேன், போங்க என்று சொல்ல நாக்கு எழவில்லை.

"அக்காவோட அம்பு பத்திரமா இருக்குதுங்களா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். "கொண்டாங்க. தொடக்க விழாவுல மொத வீச்சு உங்க கையாலதான். எங்க வேணாலும் குத்தட்டும், சும்மா ஒரு இதுக்குத்தானே. நீங்க நடக்க வேண்டாம். அன்னிக்கு மாதிரியே நானே எடுத்து ரெண்டு கையால தாரேன். போட்டோக்காரரையும் வரச் சொல்லியிருக்கறேன்."

அன்னிக்கு மாதிரியே! எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியாது, கேட்டுவிட்டேன். "அன்னிக்கு ஏனுங்க எடுத்தீங்க?"

"எதைங்க?"

"டபுள் பதினாறுல நின்ன அம்பை. மார்க்கர் சொல்றதுக்கு முன்னால."

அம்மா என் முழங்கையைக் கிள்ளினாள். அவர் காபியை ஒரு வாய் குடித்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். மறந்துபோச்சுங்க என்பார் என்று நினைத்தேன். சிரித்தார், அக்கா. நல்ல சிரிப்பு, வெட்கமே இல்லாத சிரிப்பு.

"அதை இன்னுமா நெனச்சுட்டு இருக்கீங்க? உங்கக்கா 'ஐயா, எடுக்காதீங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் எடுத்திருப்பனுங்களா? ஆரம்பத்துல இருந்து ஒவ்வொரு தடவையும் எடுக்கறேன், சொல்றாங்களான்னு பாக்கறேன். கடைசி வரைக்கும் சொல்லவே இல்லைங்களே. ஆட்டம்னா அதுவும் சேத்தித்தானுங்க."

சொல்லிவிட்டு எழுந்தார். நான் டம்ளரை எடுக்கக் குனிந்தேன். "நீங்க இருங்க அம்மணி, நான் வெக்கறேன்" என்று அவரே சமையலறை வரைக்கும் கொண்டுபோய் வைத்துவிட்டுப் போனார். கார் திரும்பியதும் அம்மா சொன்னாள், "எவ்வளவு தங்கமான மனுசன் பாரு. நீதான் மொட்டையா ஏதோ கேட்டுப்போட்ட."

நான் போய்க் கிணற்றடியில் உட்கார்ந்துகொண்டேன். ஆக, சந்தோஷத்தில் எடுக்கவில்லை. முதல் அம்பிலிருந்தே உன்னைப் பழக்கியிருக்கிறார். மாட்டைக் கயிற்றுக்குப் பழக்குகிற மாதிரி. உன் 'ரொம்ப நன்றிங்க' ஒவ்வொன்றையும் எண்ணிக்கொண்டே வந்திருக்கிறார். உன் கை தவறாது என்று அவருக்குத் தெரியும். உன் வாய் திறக்காது என்றும் தெரியும். எதிராளிக்கு வேண்டியது அவ்வளவுதானே?

வேதனை என்னவென்றால், அந்த ஒரு வார்த்தை நமக்கு ஏன் வரவில்லை என்று என்னாலும் சொல்ல முடியவில்லை. எடுக்காதீங்க. அதில் மரியாதைக்கு என்ன குறைச்சல்? பெரியவர் மனம் நோகக்கூடாது, நாலு பேர் முன்னால் எதிர்த்துப் பேசக்கூடாது, கொடுக்கிறதை வேண்டாம் என்று சொல்லக்கூடாது என்று நம்மை வளர்த்தார்களே, உன் மனம் நோகாமல் இருக்க யாராவது ஒரு விதி சொல்லிக் கொடுத்தார்களா?

டப்பாவை இறக்கிவிட்டேன், அக்கா. பித்தளை கறுத்துப்போய் இருந்தது. புளி போட்டுத் தேய்த்தேன், இப்போது பளபளவென்று இருக்கிறது. கொல்லைக் கதவில் சாக்பீஸால் வட்டம் போட்டு எறிந்தும் பார்க்கிறேன். உன் கையில் கால்வாசிகூட எனக்கு இல்லை. நேற்று ஒன்று அம்மாவின் ஊறுகாய் ஜாடி மேல் கட்டிய துணியில் போய்க் குத்தியது. நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

ஞாயிற்றுக்கிழமை போவேன். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போவேன். உன் அம்பை, நீ நின்ற அதே கோட்டில் நின்று எறிவேன். அது போர்டில் குத்தட்டும், சுவரில் குத்தட்டும், தரையில் விழட்டும். அவர், "இருங்க அம்மணி" என்று எழுந்து போவார். போட்டோக்காரர் தயாராக நிற்பார். மைக் என் பக்கத்தில் இருக்கும்.

"ஐயா, எடுக்காதீங்க" என்பேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லுவேன். அவர் கை நின்றால் சரி, நிற்காவிட்டால் போய்ப் பிடித்து நிறுத்துவேன். அந்த நாலடியை நானே நடந்துபோய் உன் அம்பை நானே எடுத்துக்கொள்வேன். கோப்பை மேஜையிலேயே கிடக்கட்டும். அம்மா அழுவாள், வீட்டுக்கு வந்து சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். நீ 'சரிங்க' என்று சொன்ன இடத்தில் நின்றுகொண்டு அதைச் சொல்லாமல் திரும்ப மாட்டேன். இது உனக்கு நான் செய்கிற சத்தியம்.

நீ அன்று திரும்பித் தேடிய முகம்,
நீ ஜெயித்ததைக் கண்ணால் பார்த்த உன் கூடப்பிறந்தவள்,
ஸ்டெல்லா
போத்தனூர்